மார்வலஸைத் தேய்த்த ஊர்

செங்கரட்டில் யாரும் யாரையும் வாய்விட்டுப் பாராட்டியதில்லை. குழந்தை மூக்கும் முழியுமாக இருந்தால் "என்னடி இது, கருவண்டைப் பெத்து வச்சிருக்க" என்பார்கள், குழம்பு நாக்கிலேயே நின்றால் "ம், திங்கலாம்" என்பார்கள், மகன் பரீட்சையில் முதலாவதாக வந்தால் "ஏதோ பாஸ் பண்ணிட்டான்" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார்கள். தப்பித் தவறி ஒரு நல்ல வார்த்தை விழுந்துவிட்டால் அந்த நிமிஷமே இரண்டு கைகளாலும் எதிராளியின் முகத்தை வழித்துத் தங்கள் பொட்டில் வைத்து நெட்டி முறித்து, விழுந்த வார்த்தையை எடுத்துக்கொண்டுவிடுவார்கள். மல்லிகை மொட்டு விற்றுப் பிழைக்கிற ஊர். மொட்டைக்கூட நாங்கள் "பரவாயில்லை" என்றுதான் விற்றோம்.

அப்பேர்ப்பட்ட ஊருக்கு வெளியே, மதுரை ரோட்டில், ஒரு இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வந்தது. எல்.கே.ஜி.யில் இடம் வேண்டுமானால் பெற்ற தாய் பிரின்ஸிபால் முன்னால் உட்கார்ந்து இங்கிலீஷில் பதில் சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். பிள்ளை பெற்றவள், பெறப் போகிறவள், இன்னும் கல்யாணமே ஆகாதவள் என்று எல்லோரும் பதறிப்போனார்கள். பெங்களூர் ஹோட்டல் ஒன்றில் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்துவிட்டு, அந்த வேலை அலுத்து ஊருக்குத் திரும்பியிருந்த பிரிசில்லா, கல்யாண மண்டபத்தின் பந்திக்கூடத்தில் சாயங்கால வகுப்பு ஆரம்பித்தாள். இலை போடுகிற நீள மேஜைகளில் எங்கள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, சாப்பாட்டுக்குக் காத்திருப்பவர்களாகவே முதல் நாளெல்லாம் மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு சாயங்காலம் பிரிசில்லா கரும்பலகையில் ஒரே ஒரு வார்த்தையை எழுதினாள்.

"மார்வலஸ். அசந்து போற மாதிரி இருக்குன்னு அர்த்தம். உங்க பிள்ளை எப்படின்னு பள்ளிக்கூடத்துல கண்டிப்பாக் கேப்பாங்க. 'ஹி இஸ் மார்வலஸ் சார்'னு சொல்லணும்."

பூக்கட்டுகிற ஜெயராணி எழுந்தாள். "பெத்த பிள்ளைய நாமளே அப்படிச் சொன்னாக் கண்ணு பட்டுறாதா மிஸ்?"

"இங்கிலீஷுக்குக் கண்ணு கிடையாதுக்கா" என்றாள் பிரிசில்லா. "ஆனா உதட்டால சொல்லக் கூடாது. பார்த்த உடனே மூச்சு நிக்கணும். நின்ன மூச்சுலயே வார்த்தை வெளிய வரணும். மனசுல இல்லாமச் சொன்னா அது செத்த வார்த்தை. வீட்டுக்குப் போயி உங்களுக்கு நெசமாவே பிடிச்ச ஏதாவது ஒண்ணைப் பார்த்துச் சொல்லிப் பழகிட்டு வாங்க."

ஜெயராணிக்கு நிஜமாகவே பிடித்தது அவள் வைக்கிற ரசம்தான். இறக்கிவைத்த ரசத்தின் மேல் கொத்துமல்லி மிதந்து ஆவி வருவதைப் பார்த்து, வீட்டில் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அதன் முகத்துக்கு நேராக மார்வலஸ் என்றாள். அந்த ரசம் அதற்குப் பிறகு ஆறவில்லை. மறுநாளும் அதே ஆவி, அடுத்த வாரமும் அதே ஆவி, கொத்துமல்லி வாடாமல் மிதந்தது. அவள் அதை அடுப்பங்கரை மூலையில் தள்ளி வைத்து, நேரங்கெட்ட நேரத்தில் வருகிற விருந்தாளிகளுக்கு ஊற்றினாள். குடித்தவர்கள் வயிறு நாலைந்து நாள் கதகதவென்று இருப்பதாகச் சொன்னார்கள், குளிர்காலத்தில் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். பிரிசில்லா கண்மாய்க்கு மேலே அந்தி வானத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தாள். ஊரின் மேற்கு மூலையில் அந்தி அப்படியே நின்றுபோனது. நட்ட நடுப்பகலிலும் அந்த மூலை மட்டும் செம்மஞ்சளாக இருந்தது, அடையப் போன கொக்குகள் அடைய முடியாமல் அங்கேயே சுற்றின, அந்தப் பக்கத்து வீடுகளில் துணி காயவில்லை. அவர்கள் கொடிக்கயிற்றைக் கிழக்கே மாற்றிக் கட்டிக்கொண்டார்கள்.

பூ மார்க்கெட்டுக்கு விஷயம் போவதற்கு எத்தனை நேரம் ஆகும்? வெயில் ஏற ஏற மொட்டு விரியும், விரிய விரிய விலை சரியும், அதுதான் எங்கள் பிழைப்பின் தலைவலி. வியாபாரிகள் குவியலுக்கு முன்னால் நின்று மார்வலஸ், மார்வலஸ் என்று தொண்டை கிழியக் கத்திப் பார்த்தார்கள். ஒரு மொட்டும் நிற்கவில்லை. தினம் தினம் பார்த்த பூவின் முன்னால் அவர்களில் ஒருவருக்கும் மூச்சு நிற்கவில்லை. கடைசியில் வகுப்புப் பெண்களைக் கூட்டிவந்து நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். அவர்கள் ஆசையாகப் பார்த்துச் சொன்ன மொட்டுகள் விரியாமல் நின்றன, வாரக்கணக்கில் நின்றன, வெளிநாடு வரைக்கும் போயின. இப்படியாக ஊர் அந்த வார்த்தையை ஒரு வேலையில் அமர்த்திக்கொண்டது.

வகுப்புக்கு வந்தவர்களில் தவமணி மட்டும் அதை எதன் மேலும் சொல்லவில்லை. பூக்கமிஷன் கடை காசிராசனின் மனைவி அவள். கல்யாணமாகி, கோயில் கோயிலாக ஏறி இறங்கி, இனி இல்லை என்று எல்லோரும் கைவிட்ட பிறகு பிறந்தவன் அவள் மகன். அழகுராசன் என்று பெயர் வைத்துவிட்டு, பயந்துபோய்க் கருவாயா என்றே கூப்பிட்டாள். கன்னத்தில் வைக்கிற மைப்பொட்டும் மற்ற பிள்ளைகளுக்கு வைப்பதைவிடப் பெரிது.

அவனுக்கு ஒன்பது மாதம் நடந்தபோது, ஒரு காலை, அரிசி டிரம்மைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். பிடியை விட்டான். வலது காலைத் தூக்கினான். தூக்கிய காலை வைக்காமல் தாயைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். தவமணிக்கு மூச்சு நின்றது, நின்ற மூச்சில் அந்த வார்த்தை தானாக வந்துவிட்டது. பதறிப்போய் முகத்தை வழித்து நெட்டி முறித்தாள், விரல் பத்தும் சொடுக்கின. அவன் தூக்கிய காலை மடக்கி அங்கேயே உட்கார்ந்தான்.

ஞாயிற்றுக்கிழமை நகம் வெட்ட அவனை மடியில் போட்டபோது வெட்டுவதற்கு ஒன்றுமில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. அங்கன்வாடியில் தூக்கிக் கட்டிய தராசு மாதா மாதம் ஒரே எடையைக் காட்டியது. தினமும் காலையில் டிரம்மைப் பிடித்து எழுந்தான், பிடியை விட்டான், காலைத் தூக்கினான், திரும்பிச் சிரித்தான், உட்கார்ந்தான். சன்னலில் வந்து உட்காரும் காக்கையைப் பார்த்து, வாழ்நாளில் முதல் காக்கையைப் பார்ப்பவனாகத் தினமும் கையைத் தட்டினான். முந்திய நாள் எதுவும் அவனுக்குள் தங்கவில்லை.

ஊர் இதற்கும் பழகிக்கொண்டது. "குடுத்து வச்சவடி நீ" என்றாள் ஜெயராணி. "எம்மகன் வளர்ந்து என்னத்தக் கிழிச்சான்? மீசை முளைச்சதும் எதுத்துப் பேசுறான். உன்னுது காலத்துக்கும் மடியிலயே கெடக்கும்." புதுசாகக் கல்யாணமானவர்களைக் கூட்டிவந்து அவனைத் தூக்க வைத்தார்கள். பல்லுப்போன கிழவர்கள் அவன் சிரிக்கிற நேரம் தெரிந்து வந்து வாசலில் காத்திருந்தார்கள். உண்மையைச் சொன்னால், ஆரம்பத்தில் தவமணிக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அத்தனை வருஷம் காத்திருந்தவளுக்கு அந்த ஒரு காலைப்பொழுது திரும்பத் திரும்பக் கிடைத்தது. ஆனால் அவனோடு தவழ்ந்த பிள்ளைகள் வாசலில் ஓடிப்பிடித்து விளையாட ஆரம்பித்தபோது, அந்தச் சிரிப்பைக் காணவே அவளுக்குப் பயம் வந்தது. சிரிக்கிற நேரத்தில் பின்கட்டுக்குப் போய்ப் பாத்திரம் தேய்த்தாள். அங்கேயும் அந்தச் சிரிப்பு கேட்டது.

உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டுப் பார்த்தாள். கண்ணேறாக இருந்தால் நெடி வராது. தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு இருமியது. இங்கிலீஷுக்குக் கண் இல்லை என்று மிஸ் சொன்னது சரிதான். கெட்டது அண்டாமலிருக்க இங்கிலீஷ்காரர்கள் மரத்தைத் தட்டுவார்கள் என்று மிஸ்ஸே சொன்னதால், ஒரு நாள் ஊரிலிருந்த அத்தனை கதவு, கட்டில், உலக்கையையும் எல்லோரும் தட்டினார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

வழி காசிராசனுக்குத்தான் தோன்றியது. பந்திக்கூடத்தில் ஊர் கூடியபோது அவன் எழுந்து நின்றான்.

"சூப்பர்னு சொல்றோம்ல, அதுவும் இங்கிலீஷ்தான? பரோட்டா சூப்பருங்கிறோம், படம் சூப்பருங்கிறோம், டயர்ல காத்து அடிச்சாச் சூப்பருங்கிறோம். ஏன் ஒண்ணும் நிக்க மாட்டேங்குது? தேஞ்சுபோச்சு. நம்ம வாயி அதைத் தேய்ச்சிருச்சு. இதையும் தேய்ச்சுப்புடுவோம்யா. எம்மகனுக்காகக் கேக்குறேன்."

ஒரு வருஷத்துக்கு முன்பாக இருந்தால் வியாபாரிகள் அடிக்கப் பாய்ந்திருப்பார்கள். ஆனால் அதற்குள் கல்யாண வீடுகளிலிருந்து பூ திரும்பி வர ஆரம்பித்திருந்தது. மல்லிகைக்கு வாசனை விரியும்போதுதான் வரும். நின்றுபோன மொட்டுக்கு வாசனையே இல்லை. மணவறையில் உட்கார்ந்த பெண்கள் தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்களாம். கோயிலிலோ போட்ட மாலை வாடாததால் கழற்ற மனம் வராமல் பூசாரி மாலைமேல் மாலையாகப் போட்டு, அம்மனின் கண்ணே தெரியாமல் போயிருந்தது. "தேய்ச்சிருவோம்" என்றார்கள்.

அந்த வெயில்காலம் முழுக்கச் செங்கரட்டில் வேறு சத்தமில்லை. பஸ் வந்தால் மார்வலஸ், வராவிட்டால் மார்வலஸ், கரண்டு போனால் மார்வலஸ், கொசு கடித்தால் மார்வலஸ், சாவு வீட்டில் துக்கம் கேட்கப் போனவர்கள் பழக்கதோஷத்தில் அதையே சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். பிள்ளைகளும் கிழடுகளும் முகத்தில் ஒரு உணர்ச்சியும் இல்லாமல் முணுமுணுத்துக்கொண்டே தெருவில் நடந்தார்கள். வெளியூரிலிருந்து பாத்திரம் விற்க வந்தவன், எல்லா வீட்டிலிருந்தும் ஒரே வார்த்தை வருவதைக் கேட்டுவிட்டுக் கூடையை இறக்காமலேயே திரும்பிப் போனான்.

வார்த்தை தேய்ந்தது. முதலில் மொட்டுகள், கிடங்கில் கிடந்த அத்தனையும் ஒரே சமயத்தில் விரிந்து, மணத்து, பழுத்து, மத்தியானத்துக்குள் கறுத்துப்போயின. ஜெயராணியின் ரசம் ஆறியது, ஆறிய கையோடு புளித்தது, நுரைத்தது, பூஞ்சணம் பிடித்தது. நின்ற நாளெல்லாம் பாக்கியாக இருந்தது, அத்தனையும் ஒரே பொழுதில் வந்து சேர்ந்தது. மேற்கு மூலையில் அந்தி கரைந்து, சேர்ந்திருந்த இரவெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கியதில் அங்கே பல நாள் விளக்கு வைத்தும் வெளிச்சம் நிற்கவில்லை. கொக்குகள் அடைந்தன.

அழகுராசன் மட்டும் தூக்கிய காலை வைக்கவில்லை. அவன் மேல் விழுந்தது தவமணியின் வாயிலிருந்து வந்த வார்த்தை. ஊர் வாயெல்லாம் தேய்த்தும் அவள் வாயில் மட்டும் அது தேயவில்லை. அம்மிக்கல்லைப் பார்த்து வெறுமையாகச் சொல்ல முடிந்தது, புருஷனைப் பார்த்துச் சொல்ல முடிந்தது, மகன் திரும்பிச் சிரிக்கிறபோது சொன்னால் ஒவ்வொரு தடவையும் மூச்சு நின்றது. சொன்னதன் மேலேயே மறுபடி சொல்லி இறுக்கிக்கொண்டிருந்தாள். "என்னால முடியலங்க" என்று அழுதாள். "அவனைப் பார்த்தா வாயி பொய் சொல்ல மாட்டேங்குது."

பிறப்புச் சான்றிதழின்படி அவனுக்கு எல்.கே.ஜி. வயது வந்தது. கூப்பிட்டு அனுப்பினார்கள். தவமணி போக மாட்டேன் என்றாள். "போயிட்டாவது வருவோம். இதுக்குத்தான வருஷக்கணக்காப் படிச்ச" என்றான் காசிராசன். அவள் கிளிப்பச்சைச் சேலை கட்டிக்கொண்டு, கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் வழியெல்லாம் பதில்களை மனப்பாடம் செய்துகொண்டே போனாள். மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் உள்ளே கூப்பிட்டார்கள். பிரின்ஸிபாலின் அறையில் மின்விசிறி ஓடியும் அவளுக்கு வேர்த்தது. காசிராசன் பக்கத்தில் நிற்க, மகனைத் தரையில் விட்டாள். அவன் மேஜைக் காலைப் பிடித்து எழுந்து நின்றான்.

பெயரென்ன, ஊரென்ன, கணவர் என்ன செய்கிறார் என்று கேட்டுவிட்டு, பிரின்ஸிபால் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, உங்கள் மகன் எப்படிப்பட்டவன் என்று இங்கிலீஷில் கேட்டார்.

தவமணி மகனைப் பார்க்கவில்லை. பிரின்ஸிபாலின் சட்டைப்பையில் இருந்த சிவப்புப் பேனாவைப் பார்த்துக்கொண்டு, ஒரு எழுத்து தப்பினாலும் மானம் போய்விடும் என்ற ஒரே நினைப்போடு, ஒப்பித்தாள்.

"ஹி இஸ் மார்வலஸ் சார்."

தரையில் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அழகுராசன் காலை வைத்திருந்தான். அடுத்த காலையும் வைத்தான். மேஜையைச் சுற்றி நடந்து வந்தான். தவமணி நாற்காலியிலிருந்து நழுவிக் குனிந்து இரண்டு கைகளையும் நீட்டினாள், கண்ணீர் வந்தது. அவன் அவளுக்கு எதிரே வந்து நின்று, தாயின் முகத்தை அண்ணாந்து பார்த்தான். அவனுக்கு மூச்சு நின்றதைக் காசிராசன் பார்த்தான். ஊர் முழுக்க அவன் காதுக்குள் கொட்டியது ஒரே ஒரு வார்த்தைதான், நின்ற நாளின் பாக்கியில் முதலில் வந்து சேர்ந்ததும் அதுதான், வேறெதுவும் அவனுக்குத் தெரியாது.

"மாவலஸ்" என்றான்.

"எக்ஸலெண்ட்" என்றார் பிரின்ஸிபால். அதனால் ஒன்றும் நடக்கவில்லை, அது எப்போதோ தேய்ந்துபோன வார்த்தை. ஆனால் பிள்ளையின் வாயில் எதுவும் தேய்ந்ததில்லை என்பதை நாங்கள் எல்லோரும் மறந்துவிட்டிருந்தோம். தவமணி மகனை அள்ளி அணைத்து, முகத்தை வழித்து நெட்டி முறித்து, "கருவாப்பய. சுமார்தான்டா நீ" என்றாள்.

இடம் கிடைத்தது. பாக்கியிருந்த வளர்ச்சியெல்லாம் ஒரே வாரத்தில் வந்ததில் அவனுக்கு வேளைக்கு ஒரு சட்டை தேவைப்பட்டது, நகம் வெட்டி மாளவில்லை. வெட்டியவன் காசிராசன். தவமணி அந்த வாரம் முழுக்கத் தினமும் காலையில் கிளிப்பச்சைச் சேலை கட்டிக்கொண்டு, "கேள்வி கேட்டாப் பயப்படாமச் சொல்லணும்லங்க?" என்று கேட்டாள். மத்தியானத்துக்கு முன் எங்கே நின்றாலும் அங்கேயே குனிந்து, ஒன்பது மாதப் பிள்ளையின் உயரத்துக்குக் கைகளை நீட்டினாள்.

இதற்கும் ஊர் பழகிக்கொண்டது. அந்த நேரத்துக்கு அவள் ரோட்டைக் கடக்காமல் பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். கிளிப்பச்சைச் சேலை நைந்து போகும்போதெல்லாம் ஜவுளிக்கடைக்காரர் அதே நிறத்தில் ஒன்று எடுத்து வைத்தார். அழகுராசன் பள்ளிக்கூடத்திலிருந்து மத்தியான மணிக்கு முன் ஓடிவந்து அந்தக் கைகளுக்குள் நின்றான். வளர்ந்த பிறகு குனிந்தான். இன்னும் வளர்ந்த பிறகு முட்டி போட்டான். அவன் முகத்துக்கு மீசை வந்தபோதும் அவள் அதை வழித்து, நெட்டி முறித்து, சுமார்தான்டா என்றாள். பிறகு வேலைக்குச் சென்னைக்குப் போனான். வெளிநாட்டுக்காரர்களிடம் ஃபோனில் பேசுகிற வேலை. நாளெல்லாம், யார் என்ன சொன்னாலும், மார்வலஸ் சார், மார்வலஸ் மேடம் என்று சொல்ல வேண்டும். அவனளவுக்கு அந்த வார்த்தையைத் தேய்த்தவன் ஊரில் வேறு யாரும் இல்லை.

போன பொங்கலுக்கு வந்தபோது அவன் தாயைவிட மூத்தவனாகத் தெரிந்தான். காசிராசன் அவனைக் கடை வாசலுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தான்.

"உன்னால முடியும்டா. மனசுல ஒண்ணும் இல்லாம ஒரு தடவை சொல்லிரு."

"சொன்னா பாக்கி வருஷமெல்லாம் ஒரே வாரத்துல வந்து விழும்ப்பா. என் லீவு முடியுறதுக்குள்ள அம்மா கிழவியாயிரும்."

"ஆகட்டும்டா." காசிராசன் தன் தலையைத் தடவிக்கொண்டான். "நானும் கிழவன்தான? தெனமும் காலையில எந்திரிச்சு எந்தலையப் பார்த்து, என்னங்க தலையில மாவுன்னு கேக்குறா. தெனமும் புதுசாக் கேக்குறாடா. நான் போறதுக்குள்ள ஒரு நாளாவது அவ இந்தத் தலைய நரைன்னு பார்க்கணும். என்கூடச் சேர்ந்து கிழவியா உக்காரணும். வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்."

மறுநாள் மத்தியானத்துக்கு முன் தவமணி கூடத்தில் குனிந்து கைகளை நீட்டினாள். அழகுராசன் முட்டி போட்டான். தாயைப் பார்க்காமல், அவள் செய்ததைப் போலவே வேறெங்கோ, சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டான். ஃபோனை எடுத்ததும் வருகிற குரலை வரவழைத்துக்கொண்டான். வாசலில் ஜெயராணி நின்றாள், நாங்கள் எல்லோரும் நின்றோம், காசிராசன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அவன் வாயைத் திறந்தான். அதற்குள் அவள் கைகள் வந்து அவன் முகத்தை வழித்தன, நெட்டி முறித்தன. "கருவாப்பய. சுமார்தான்டா நீ" என்றாள். அவன் காலண்டரை விட்டுவிட்டு ஒரே ஒரு நொடி அவளைப் பார்த்தான். வார்த்தை வந்தது. எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அதற்கு முன்னால் அவன் மூச்சு நின்றதும் கேட்டது.

மறுநாள் காலை கிளிப்பச்சைச் சேலை கட்டிக்கொண்டு தவமணி அடுப்பங்கரையிலிருந்து வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த காசிராசனைப் பார்த்து நின்றாள்.

"என்னங்க இது, தலையெல்லாம் மாவு?"

"ஆமா தவம்" என்றான் காசிராசன். "மாவுதான்."